நேரம் எழுதாத காகிதம்

விழுப்புரத்தில் நான் இப்போது இருக்கும் வீட்டின் சமையலறைக் குழாய் சரியாக மூடாது. சொட்டிக்கொண்டே இருக்கும். யாராவது குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் "மூடுங்கடி!" என்று கத்திவிடுவேன். கிழவிக்குச் சிக்கனம் ஜாஸ்தி என்று மருமகள்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சிக்கனமெல்லாம் கிடையாது. பயம்தான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் எங்கோ ஒரு கிணற்றில் ஒரு படி வெளியே தெரிவதாக எனக்குத் தோன்றும். அதை யாரிடம் சொல்வது?

இந்தப் பயத்துக்கு ஒரு கிணறும் ஒரு காகிதமும் காரணம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஊரைத் திட்டினாலும் டவுனைத் திட்டினாலும் படிப்பவர்கள் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற பக்கம், ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் கழனி. மூன்று காணி. கல்யாணத்தில் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த மஞ்சக்காணி அது. நிலமும் அதிலிருந்த கிணறும் என்னுடையவை. என் வீட்டுக்காரர் உழைத்தார், ஆனால் பட்டா என் பேரில். போதாததற்கு நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்கள் இரண்டு மூன்று பேர்தான். எனக்குத் தலைக்கனம் இருந்தது என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

கிணறு பெரியது, சதுரக் கிணறு. உள்சுவரில் பலகைக் கற்களைச் செருகி, இறங்குவதற்குப் படி வைத்திருந்தார்கள். நல்ல கோடையிலும் ஐந்து படிக்கு மேல் தெரியாது. ஏரி காய்ந்து மாடு மேய்கிற வருஷத்தில்கூட எங்கள் கிணற்றில் அந்த ஐந்துதான். கவலை கட்டி இறைத்தோம். ஜோடி மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுத் தோல் சால் தண்ணீரோடு மேலே வந்து தொட்டியில் கொட்டும். மாடு பின்னால் ஏறினால் சால் மறுபடி உள்ளே போகும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை என் வீட்டுக்காரர் ஓட்டுவார். அவர் கஞ்சி குடிக்கப் போனால் நான் ஓட்டுவேன். நெல், கேப்பை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை, எது போட்டாலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

சேரிப் பெண்களுக்கும் குடிதண்ணீர் அங்கிருந்துதான். ஆனால் அவர்கள் கிணற்றுப் படியில் கால் வைக்கக் கூடாது. அதை எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்கு அந்தப் பக்கம் குடத்தோடு நிற்பார்கள். நாங்கள் மொண்டு ஊற்றுவோம். குடிக்கக் கேட்டால் இரண்டு கையையும் குழித்து நீட்டுவார்கள். செம்பை உயரத் தூக்கி, கையில் படாமல் ஊற்ற வேண்டும். அது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. முகம் சுளிக்காமல் ஊற்றுகிறேன் என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம்.

அவர்களில் எங்கள் நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவள் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது பெரியவள். நான் அவளை "வாம்மே, போம்மே" என்பேன். அவள் என்னை "எம்மா" என்பாள், என் வீட்டுக்காரரை "ஆண்ட" என்பாள். தண்ணீர் திருப்புவதில் அவளுக்கு ஈடு கிடையாது. எந்தப் பாத்திக்கு எவ்வளவு போயிற்று என்று கரையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். கழனியில் நாங்கள் இருவரும் நாளெல்லாம் பேசிக்கொண்டுதான் இருப்போம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. திண்டிவனம் பெருத்துக்கொண்டிருந்தது. மில்லும் ஓட்டலும் புதுத் தெருவுமாக டவுன் எங்கள் பக்கமே நடந்து வந்துகொண்டிருந்தது. அங்கே கிணறுகள் வற்றி உப்புத் தட்டிவிட்டன என்று சொன்னார்கள். ஒரு நாள் ஒரு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். எங்கள் தண்ணீரை இரண்டு செம்பு குடித்துவிட்டு, "டவுன்ல பொம்பளைங்க கொடத்த வச்சிக்கினு தெருத்தெருவா அலையுறாங்கம்மா. கொழந்தைங்க உப்புத் தண்ணி குடிக்குது. கோடைக்கு மட்டும் உங்க கெணத்துல எடுத்துக்கறோம்" என்றார். பணம் தருவதாகவும் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "குடிக்கிற தண்ணிக்குக் காசு வாங்குற குடும்பம் இல்லீங்க இது" என்றேன். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்பதுபோல் துண்டை உதறித் தோளில் போட்டார். ஓவர்சியர் காகிதத்தை எடுத்தார். அதில் ஒரு வரியில் இடம் விட்டிருந்தது: நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் எடுக்கலாம் என்று நிரப்ப வேண்டும்.

"இத நீங்கதாம்மா சொல்லணும். எவ்ளோ நேரம்னு போடட்டும்?"

"தாகத்துக்குக் குடுக்குற தண்ணிக்கு மணி பாப்பாங்களாங்க? அப்பிடியே வுடுங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடாமல், "யோசிச்சிக்கோங்கம்மா" என்றார். நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். குடிக்கக் கேட்டவருக்கு அளவு சொன்னால் கிணற்றுக்கே ஆகாது என்பார்கள். பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்தில் கற்ற குண்டு எழுத்தில், சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். நடவுக்காரியும் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதுவதை அவள் பார்க்கிறாள் என்பது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதல் வருஷம் பீப்பாய் வண்டிகள் வந்தன. அடுத்த வருஷம் ஆயில் இன்ஜினும் குழாயும் வந்தன. கோடைக்கு மட்டும் என்றது மழைக்கு அப்புறமும் ஓடியது. இன்ஜின் ஓட்ட ஒரு ஆள் போட்டார்கள். கண்டமங்கலம் பக்கத்துக்காரன், வாய் நிறைய "அக்கா" போடுகிறவன். விடிகாலையில் கிளப்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் நிறுத்துவான். அந்த டுப்டுப் சத்தம் எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருந்தது. சத்தம் கேட்டால் பயம், சத்தம் நின்றால் மறுபடி எப்போது கிளப்புவானோ என்று பயம்.

நான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் படி எண்ணப் போவேன். ஒன்பது. பதினொன்று. பதினான்கு தெரிந்த அன்று சாணி கரைக்கவே கை வரவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, அப்பிடியேதான் இருக்குது" என்று பொய் சொன்னேன். அவரும் எனக்கு முன்னாலேயே போய் எண்ணிவிட்டுத்தான் வந்திருந்தார். ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். பதினேழாவது படியில் பச்சைப் பாசி கூட இல்லை. அது அதுவரை வெளிச்சத்தையே பார்க்காத கல். அதைப் பார்த்தபோது பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

எங்கள் கிணறு இறங்கினதும் பக்கத்துக் கிணறுகளும் இறங்கின. பூமிக்கு அடியில் வரப்பு இருக்கிறதா என்ன? ஊரில் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கடையில் நான் நின்றால் பேச்சு நின்றுபோகும். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க வர்றாங்க" என்று ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள். மூன்று காணியில் ஒரு காணியைத் தரிசாகப் போட்டோம். பிறகு நடவையே விட்டோம். மல்லாட்டை மட்டும் போட்டோம்.

ஒரு நாள் பஸ் பிடித்து டவுன் ஆபீஸுக்குப் போனேன். பழைய ஓவர்சியர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் காகிதக் கட்டை அவிழ்த்து என்னுடையதை எடுத்துக் காட்டினார். என் குண்டு எழுத்து அப்படியே இருந்தது. அதற்கு மேலே நேரத்துக்கு விட்டிருந்த இடமும் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"இங்க ஒண்ணும் போடலியேம்மா நீங்க."

"இப்ப போட்டுக் குடுக்குறேங்க. காலைல ரெண்டு மணி நேரம் எங்களுக்கு வுட்டா போதும்."

"டவுனே இத நம்பிக்கினு இருக்குது. இப்ப வந்து சொன்னா எப்பிடிம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. வெளியே வந்தபோது தெருக்குழாயில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்து ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி, "குடிங்கக்கா, வெயில்ல வந்துக்கினு இருக்கீங்க" என்றாள். குடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான், வாயில் பட்டதும் தெரிந்துவிட்டது. அவளைத் திட்ட முடியவில்லை. பஸ் வரும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வருஷம் இருபத்திரண்டு படி தெரிந்தது. மேலே இருந்த இன்ஜினுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் சுவரைக் குடைந்து ஒரு மேடை கட்டி, இன்ஜினை அதில் இறக்கி வைத்தார்கள். அதற்கப்புறம் புகை வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். எட்டிப் பார்த்தால் கண் எரியும். எங்கள் சாலுக்கும் தண்ணீர் எட்டவில்லை. அடியில் முழங்கால் அளவுதான் நின்றது, சால் மூழ்காமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. மல்லாட்டை பூ விட்டிருந்த நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் காய் பிடிக்காது. அந்த வெள்ளாமையும் போனால் மாட்டுக்குத் தீனி இல்லை, எங்களுக்கு ஊரில் இருக்க வழியில்லை.

"அடியில ஒரு குழி தோண்டினா சாலு முழுகும். நா எறங்குறேன்" என்றார் வீட்டுக்காரர்.

நான் இன்ஜின்காரனிடம் ஓடினேன். "ஒரு மணி நேரம் நிறுத்துப்பா. அவரு எறங்கிட்டு வந்துடுவாரு."

அவன் தலையைச் சொறிந்தான். "நிறுத்திடுவேன்க்கா. ஆனா டவுன் டேங்கு நெறையலன்னா என்னெ வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க. காகிதத்துல ஒரு மணி நேரம் உங்களுதுன்னு இருந்தாக்கூட நா காட்டிக்குவேன். அதான் ஒண்ணுமே இல்லியே" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. புகையாலா என்று தெரியவில்லை. அப்புறம் ரோட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டான். இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "இன்ஜினு நிக்கிற நேரத்துல எறங்கலாங்க" என்றேன். "அது நிக்கிறப்போ இருட்டிடும்மே. வெளிச்சம் இருக்கசொல்லவே ஜல்தியா முடிச்சிடலாம்" என்று சொல்லி இறங்கிவிட்டார். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு கவலைச் சரிவில் நின்றேன். அவர் சேற்றை வெட்டிச் சாலில் போட்டு, வடத்தை ஆட்டினால் நான் மாட்டை ஓட்ட வேண்டும். நடவுக்காரி அந்தப் பக்கம் வாய்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று சால் சேறு வந்தது. நான்காவதற்கு வடம் ஆடவில்லை.

மண்வெட்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். இன்ஜின் சத்தம்தான். "ஏங்க!" என்றேன். "ஏங்க! ஏங்க!" மாட்டை முளையில் கட்டிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன். புகைக்கு அடியில் அவர் சுவரில் சாய்ந்து, தலை தொங்கி, உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வரை தண்ணீர். கொஞ்சம் சரிந்தால் முகம் தண்ணீருக்குள் போய்விடும். எனக்குக் கால் எடுக்க வரவில்லை. இறங்க வேண்டும் என்று தெரிகிறது, படியும் என் காலடியிலேயே இருக்கிறது. என்னால் அசைய முடியவில்லை. அவ்வளவு பயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் வாயிலிருந்து எதுவோ ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். நடவுக்காரி ஓடிவந்தாள். எட்டிப் பார்த்தாள். முதல் படிக்கு மேலே வந்து நின்றாள். அங்கே நின்றாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். திரும்பி என் முகத்தைப் பார்த்து, "எறங்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

அவர் உள்ளே செத்துக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் உத்தரவு கேட்டாள். நானும் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு மூச்சு விடுகிற நேரமாக இருக்கலாம். அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை யோசிக்க இப்போதும் பயப்படுகிறேன். "எறங்கு" என்றேன்.

அவள் முந்தானையைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து மூக்கோடு வாயோடு கட்டிக்கொண்டு இறங்கினாள். ஆயுசில் கால் வைக்காத படிகள். ஆனால் எல்லாப் படியும் தெரிந்தவள் மாதிரி இறங்கினாள். சாலைக் கழற்றிவிட்டு, அவர் கக்கத்தைச் சுற்றி வடத்தைக் கட்டி, "ஓட்டும்மா!" என்று கத்தினாள். என்னை அவள் அதட்டியது அந்த ஒரு தடவைதான். அதட்டியதும் எனக்குக் கால் வந்தது. மாட்டை அவிழ்த்து ஓட்டினேன். மாடுகள் சரிவில் இறங்க இறங்க, தண்ணீர் வருகிற வழியில் அவர் தலை மேலே வந்தது. மாட்டை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி, கையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டேன். உதடு ஒரு மாதிரிச் சிவந்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து அடித்து, நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதுதான் இருமினார். அவள் நாலு காலில் தவழ்கிற மாதிரிப் படியேறி வந்து, தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். டீக்கடையிலிருந்து இன்ஜின்காரன் அலறிக்கொண்டு ஓடிவந்து இன்ஜினை நிறுத்தினான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பிழைத்தார், ஆனால் அதற்கப்புறம் நெஞ்சில் பலம் இல்லை. மல்லாட்டை காய் பிடிக்கவில்லை. இன்ஜினை எடுத்துவிட்டு கரண்ட் மோட்டார் வைத்தார்கள். புகை போயிற்று, தண்ணீர் இன்னும் வேகமாகப் போயிற்று. இரண்டு கோடையில் அடிப்பாறை தெரிந்தது. டவுன்காரர்கள் வேறு ஏரிக்கு அடியில் கிணறு பார்த்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மாட்டை விற்றுவிட்டு விழுப்புரம் வந்து சேர்ந்தோம். அவர் ஒரு மில்லில் வாட்ச்மேன் ஆனார். நடவுக்காரியின் குடும்பம் எங்களுக்கு முன்னாலேயே புதுச்சேரிப் பக்கம் பிழைப்புக்குப் போய்விட்டது. கழனியில் வேலை இல்லையென்றால் முதலில் ஊரை விட வேண்டியது அவர்கள்தானே. அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் தாண்டி வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான் தாண்டினேன். எழுதிவிடுகிறேன்.

அவர் இருமிக் கண் திறந்த பிறகு, அவரை மரத்தடியில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் வாந்தி எடுத்து ஓய்ந்து, கண் சிவக்க, தொட்டிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. "எம்மா, தொண்ட எரியுது. கொஞ்சம் தண்ணி" என்றாள். தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. செம்பில் மொண்டுகொண்டு அவளிடம் ஓடினேன். அவள் காலில் விழ வேண்டும் என்றுதான் ஓடினேன், சத்தியமாக. பக்கத்தில் போனதும் அவள் இரண்டு கையையும் குழித்து நீட்டினாள். என் கை தானாகச் செம்பை உயரத் தூக்கியது.

ஊற்றினேன். அவள் கையில் செம்பு படவில்லை. பாதி ஊற்றியபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. கையைத் தாழ்த்த நினைத்தேன், கை தாழவில்லை. கிணற்றைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் அந்தக் கையைப் பார்த்தபோது வந்தது. செம்பில் இன்னும் பாதி இருந்தது. அவள் குடித்துவிட்டு, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா" என்றாள்.

அந்தக் கிணற்றில் தண்ணீர் வாங்கியவர்களில் அந்த வார்த்தையைச் சொன்னது அவள் ஒருத்திதான்.